தம்பியின் ஸ்கேனும் என் நிச்சயதார்த்தமும்

தாய்மாமன் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

ஆம்பூரில் நானும் தம்பியும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் தையல் பிரிவு, அவன் தோல் வெட்டும் பிரிவு. எனக்கு ஆற்காட்டில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்ற நாள் குறித்திருந்த நேரம். சாப்பாட்டு இடைவேளையில் அவன் வலிப்பு வந்து விழுந்தான். மூளையில் கட்டி என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். பேச்சு வரும் இடத்தை ஒட்டி இருந்ததால், ஊசி விட்டுச் சோதனைக்குச் சதை எடுப்பதற்கு முன் வேறு மாதிரி எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்தார்கள். கட்டிக்குள் என்ன ரசாயனம் சேர்ந்திருக்கிறது என்று அது பார்க்குமாம். கட்டியின் மரபணு மாறியிருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடுமாம்.

மாறியிருந்தது. டாக்டரம்மா முகம் மலர்ந்து சொன்னார்: "இது நல்ல சேதிதான். இந்த வகைக் கட்டி பெரும்பாலும் மெதுவாத்தான் வளரும், வைத்தியத்துக்கும் கட்டுப்படும். மாற்றம் கட்டிக்குள்ள மட்டும்தான். பரம்பரையா வந்ததில்ல, குடும்பத்துல யாருக்கும் வராது." மாமனும் பக்கத்தில் நின்று மண்டையை மண்டையை ஆட்டினார்.

எங்கள் பக்கம், தட்டு மாற்றுவதற்கு முன் பெண் வீட்டு நல்லது கெட்டதைத் தாய்மாமன்தான் போய்ச் சொல்ல வேண்டும். பெரிய மனுஷன் அல்லவா! மறுநாளே பஸ் ஏறிப் போய், "பையனுக்கு ஜீன்லயே கோளாறாம்" என்று மாப்பிள்ளை வீட்டில் பற்ற வைத்துவிட்டு வந்தார். பெண்ணுக்கும் அதே ஸ்கேன் எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"டாக்டர் சொன்னது இன்னா மாமா, காதுல ஏறலியா?" என்று கத்தினேன்.

"ஜீன்னா பரம்பரைதானேம்மா. அவங்க சும்மா நம்ம மனசு ஆறட்டும்னு சொல்றாங்க."

அம்மா அவருக்கு ஒத்து ஊதினாள். "ஒரு தடவை எடுத்துட்டாதான் இன்னா? அவங்க வாயை மூடிடலாம்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாடா? "எடுக்க மாட்டேன். இந்தக் கல்யாணமே வேணாம்" என்றேன்.

சத்தம் கேட்டு, படுத்திருந்த தம்பி எழுந்து வந்தான். வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது.

"நான் பொழச்சிப்பேன்னு சொன்னாங்களே மாமா. அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த நல்ல சேதியை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.