எந்தத் தெரு என்று கேட்டார்கள்

முனீஸ்வரனை அந்த வீட்டைவிட்டு வெளியேற்றியவன் நான்தான். கையைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவன் இல்லாத நேரத்தில், அவன் வைத்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, அவன் எந்தத் தெருக்காரன் என்பதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். பொறாமை. வேறு பெயர்களையும் வைத்துப் பார்த்தேன்... தனிமை, குளிர், பரீட்சைப் பயம். எதுவும் பொருந்தவில்லை.

அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யாவுக்கு மிளகாய்க் கொல்லை உண்டு. அதில் வேலை பார்த்த கருப்பையாவின் மகன்தான் முனீஸ். ராமநாதபுரத்தில் ஒரே பொறியியல் கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தோம். கல்லூரியில் நாங்கள் நண்பர்கள். மாலையில் பேருந்து எங்கள் ஊர் விலக்கில் நின்றதும் நான் முன்னால் இறங்கி நடப்பேன்; அவன் கொஞ்சம் இடைவெளி விட்டு வருவான். ஊருக்குள் அவன் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ‘சின்னய்யா’ என்பான். எனக்கு அது உறுத்தியதில்லை. உறுத்தியிருக்க வேண்டும், இல்லையா?

மேற்படிப்புக்கு ஜெர்மனியில் ஒரே பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவனுக்கு உதவித்தொகையோடு, எனக்கு அய்யாவின் தயவோடு.

விமானம் மேலே ஏறியதும் அவன் என் பக்கம் திரும்பி, “சரவணா, கால் நீட்ட இடம் பத்துதாடா?” என்றான்.

கல்லூரியில்கூட அவன் ‘டா’ போட்டதில்லை. “பத்துதுடா” என்று சிரித்தேன். சிரிப்பு உண்மைதான். ஆனாலும் உள்ளே எங்கோ ஒன்று சுருக்கென்றது. அதை நான் அப்போதே கவனித்திருந்தால்...

போய் இறங்கிய நகரம் அழகானது. நடுவில் ஆறு, அதன் மேல் பாலங்கள், பாலங்களின் மேல் மணியடித்துக்கொண்டு போகும் டிராம்கள். முகவரியைப் பதிவு செய்யப் போன அலுவலகத்தில், அந்த அம்மாள் கேட்ட கேள்வி புரியாமல் நான் வியர்த்து நின்றேன். பின்னாலிருந்து முனீஸ் தப்பும் தவறுமான ஜெர்மனில் ஏதோ சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனுடைய காகிதங்களோடு என்னுடையதையும் சேர்த்து முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அதன்பின் எல்லாமே அப்படித்தான். காலிப் பாட்டில்களைக் கொடுத்துக் காசு வாங்கக் கடையில் எந்த இயந்திரத்தில் போடுவது, டிராமில் சீட்டுக்கு எங்கே முத்திரை குத்துவது, குப்பையை எப்படிப் பிரிப்பது... கேட்பதற்கு எனக்குக் கூச்சம். அவனுக்கு அந்தக் கூச்சமே இல்லை. காலையில் ஒரு ரொட்டிக் கடையில் பகுதி நேர வேலைக்குப் போனான்; அங்கே வருகிறவர்களிடம் பேசிப் பேசியே மொழியைப் பிடித்துவிட்டான். கீழ்வீட்டுக் குழந்தைகள் அவன் காலடிச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். அதே படியில்தான் நானும் ஏறி இறங்கினேன்.

எனக்கு அவன் செய்யாத உதவி இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. எங்கள் வாசலுக்கு வெளியே நின்று அய்யாவிடம் பேசும் கருப்பையாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவருடைய மகன் ஒரு நகரத்துக்குள் என்னைக் கைபிடித்து அழைத்துப் போகிறான். நன்றி வந்திருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது.

எங்களோடு கோகுல், பிரதீப் என்று இன்னும் இரண்டு தமிழ்ப் பையன்கள் அதே வீட்டில் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முனீஸ்தான் சமைப்பான். அவன் கைப்பக்குவத்துக்கு இருவரும் அடிமை. “மாஸ்டர்” என்று தோளில் கைபோட்டுக்கொள்வார்கள்.

பேராசிரியரின் ஆய்வகத்தில் ஒரு மாணவ உதவியாளர் தேவை என்றார்கள். நானும் போனேன், அவனும் போனான். அவனை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு, அதைக் கொண்டாட அவன் கோழிக்குழம்பு வைத்தான். அவன் அம்மா இடித்துக் கொடுத்தனுப்பிய குண்டு மிளகாய்ப் பொடி, வீடே மணத்தது. நாங்கள் உட்காரும்போது அவனை ரொட்டிக் கடையிலிருந்து அழைத்தார்கள். யாரோ வேலைக்கு வரவில்லையாம்.

“நீங்க சாப்பிடுங்கடா, நான் வந்துர்றேன்” என்று ஓடினான்.

கோகுல் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். “நீயும் முனீஸும் ஒரே ஊர்தானே? ஒரே தெருவா?”

சாதாரணமாகக் கேட்பதுபோல்தான் கேட்டான். அந்தக் கேள்விக்குள் எந்தக் கேள்வி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ‘ஆமா, பக்கத்து வீடு’ என்று சொல்லியிருக்கலாம். ‘எதுக்குடா கேக்குற?’ என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். வாயில் சோறு இருந்தது, பேசாமலாவது இருந்திருக்கலாம்.

“சேச்சே, ஒரே தெருவெல்லாம் இல்ல. அவங்க கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கவங்க. அவன் அப்பா காலங்காலமா எங்க கொல்லையிலதான் வேலை பாக்குறாரு.”

கோகுல் “ஓ” என்றான். பிரதீப் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

நான் மட்டும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன்... அந்த நகரத்துக்கு வந்த பிறகு, என் ஊரில் இருப்பதுபோல் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அந்த நிமிடத்தில்தான்.

அடுத்த வாரம் கோகுல் தனியாக ஒரு குக்கர் வாங்கினான். உடம்பைக் குறைக்கப் போவதாகச் சொன்னான். பிரதீப் வெளியிலேயே சாப்பிட்டு வந்தான். ‘மாஸ்டர்’ நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை முனீஸ் பிரியாணி செய்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டான். இருவரும் அறையைவிட்டு வரவில்லை.

“நீயாச்சும் சாப்பிடுடா” என்றான் என்னிடம்.

எனக்கு நல்ல பசி. “பசிக்கலடா” என்றேன்.

அவன் அடுப்படியில் நின்றபடியே தனியாகச் சாப்பிட்டான். அதையும் நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் டிராமுக்குக் காத்திருக்கும்போது கேட்டான். “அவங்ககிட்ட நீ ஏதும் சொன்னியா?”

“நான் என்னத்தடா சொல்லப் போறேன்?”

டிராம் வந்தது; அவன் ஏறிக்கொண்டான். அப்புறம் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. ஆய்வகத்து நண்பன் ஒருவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறை பார்த்துக் கொடுக்க, மாதக் கடைசியில் கிளம்பிவிட்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை கூடப் போனேன். அவன் டிராமில் ஏறி நின்று, என்னிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டான்.

“வாரேன், சின்னய்யா.”

அதில் கோபம் இல்லை, கேலி இல்லை. ஊர் விலக்கில் சொல்வது மாதிரியே மெதுவாகச் சொன்னான். கதவு மூடியது. திட்டியிருந்தால், அவனும் நானும் சண்டை போட்ட நண்பர்களாகவாவது இருந்திருப்போம்.

அவன் படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்தான். நான் தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு ஊர் திரும்பினேன். “குளிர் ஒத்துக்கலை” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வெளிநாடு போகும் மாணவர்கள் யோசனை கேட்டு வருவார்கள். அந்த அலுவலகத்தில் எப்படிப் பேச வேண்டும், மொழியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். முனீஸ் செய்ததையெல்லாம் நான் செய்ததாகவே சொல்வேன்.

போன மாதம் அபிராமம் பேருந்து நிலையத்தில் கருப்பையாவைப் பார்த்தேன். எங்கள் கொல்லைக்கு அவர் வருவதை நிறுத்தி வெகு நாளாகிறது. முனீஸ் அவரை ஜெர்மனிக்கு அழைத்துப்போய்ச் சில மாதம் வைத்திருந்தானாம். போனில் படம் படமாகக் காட்டினார். பனியில் நிற்கிறார், பாலத்தில் நிற்கிறார், வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

“திக்குத் தெச தெரியாம போயி எறங்குன எடத்துல நீங்கதான் தொணையா இருந்தீகன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்” என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

எனக்கு வெட்கம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் பொறாமை வந்தது. இந்தப் பெருந்தன்மையும் அவனுக்குத்தானா... அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டானா?

“இந்தா, அவன வீடியோவுல கூப்புடுறேன். ஒரு வார்த்த பேசுங்க.”

மணி போய்க்கொண்டிருந்தது. பரமக்குடிப் பேருந்து உள்ளே திரும்பியது.

“பஸ் வந்துருச்சு. இன்னொரு நாள் பேசுறேன்” என்று ஏறிக்கொண்டேன்.

அவன் எடுத்துவிட்டான் போலிருக்கிறது. கருப்பையா கூட்டத்துக்குள் ஓடிவந்து, போனைத் தலைக்கு மேல் தூக்கி, ஜன்னல் ஜன்னலாகத் திருப்பி அவனுக்கு என்னைக் காட்டத் தேடினார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். வண்டி ஊரைத் தாண்டும் வரை நிமிரவில்லை.