ஜன்னல் வைக்காத அறை

எங்கள் வீட்டில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. படுக்கத்தான் அறை கிடையாது. நடு முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஓர் அறை என்பது கணக்கு. பெண்ணோடு வந்த சீர்ச் சாமான்களை அதில் அடைத்துப் பூட்டிவிட்டு, மனிதர்கள் வெளியே பாயை விரித்துப் படுப்பார்கள். சாமானுக்கு எதற்குக் காற்று? ஒரு அறைக்கும் ஜன்னல் வைக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, ரங்கூனிலிருந்து ஒற்றைப் பெட்டியோடும் ஓயாத இருமலோடும் வந்து சேர்ந்தார். காரைக்குடி டாக்டர், இது டி.பி. என்றார். மருந்து எழுதிக் கொடுத்து, காற்றோட்டமான தனி அறையில் படுக்க வையுங்கள் என்றும் சொன்னார்.

நானும் ஆத்தாவும் எங்கள் அறையை ஒழித்தோம். அண்டா, தவலை, எவர்சில்வர் அடுக்கு எல்லாம் மாடிக்கு ஏறின. வெள்ளையடித்து, கட்டில் போட்டு, கொசுவலை கட்டினோம். நாலு நாளில் சாமான் அறை படுக்கையறை ஆகிவிட்டது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஜன்னல் மட்டும் பாக்கி.

பின்சுவர் பொதுச்சுவர். அப்பச்சியின் அண்ணன், எங்கள் பெரியப்பச்சி, கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார்.

"பொதுச் சுவத்துல கை வைக்கிறதுன்னா எல்லாப் புள்ளியும் ஒத்துக்கிறணும். பினாங்குல இருக்கிறவனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். பொறுங்க."

கெட்டவரில்லை. அப்படியே பேசிப் பழகிய வீடு. எனக்குத்தான் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

அந்தச் சமயத்தில் கண்டரமாணிக்கத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையைக் கோயிலில் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. டி.பி. வீடு என்று தெரிந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். அப்பச்சி இன்னும் ரங்கூனில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடலாமே என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஆத்தா அழுதாள். பிறகு சரி என்றாள்.

பெண் பார்க்க வந்த அன்று அறைக் கதவை வெளியே தாழிட்டேன். அவர்கள் கிளம்பிய பிறகு திறந்தால், அப்பச்சி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டாகளாத்தா?"

"போயிட்டாக."

துண்டை எடுத்தார். அத்தனை நேரம் அடக்கிய இருமல் கால் மணி நேரம் நிற்கவில்லை. மூச்சு வந்ததும், "புடிச்சிருக்குன்னாகளா?" என்றார்.

ரங்கூனில் இருக்கிறவர் கல்யாணத்துக்கு வர முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எங்களில் கல்யாணம் பெண் வீட்டு வளவில்தான் நடக்கும். அந்தக் கதவுக்குப் பத்தடி தூரத்தில் எனக்குக் கழுத்துருத் தாலி ஏறியது. அப்பச்சி இடத்தில் பெரியப்பச்சி நின்றார். எல்லார் காலிலும் விழுந்தேன், ஒருவர் காலைத் தவிர.

மேளம் ஓய்ந்த பிறகு என் மாமியார், அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பச்சி அங்குட்டுத் தனியா என்ன பாடு படுறாகளோ. வந்தாகன்னா மொதல்ல நம்ம வீட்டுக்குத்தான் கூட்டியாரணும், என்னத்தா?"

தலையாட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. ஒரே ஒரு இருமல் வந்துவிடட்டும் என்று அந்த நிமிடம் வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

அந்த மாதமே அதே கட்டிலில் போய்விட்டார். ரங்கூனிலிருந்து வந்த மூன்றாம் நாளே போய்விட்டார் என்று புகுந்த வீட்டில் இன்னொரு பொய் சொன்னேன். பினாங்கிலிருந்து சம்மதக் கடிதம் பத்து நாள் கழித்து வந்தது.

எழுபதுகளில் ஜன்னல் வைத்தார்கள். பிறந்த வீட்டுக்குப் போனால் எனக்கு அங்கேதான் படுக்கை. வீட்டிலேயே நல்ல காற்று வரும் அறை என்பார்கள். தொண்டை கரகரத்தால் நான் எழுந்து வளவுக்கு வந்துதான் இருமுகிறேன்.