களப்புக்கு அப்பால் முதல் வீடு

மகளின் கலியாணம் சொல்ல வீடு வீடாகப் போக வேண்டும் என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. வரைபடம் கீறுவதுதான் என் தொழில். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கு எந்த ஒழுங்கில் போனால் தூரம் குறையும் என்று கணினியே சொல்லட்டுமே. மனைவிக்கோ ஒரே கவலைதான்: உச்சமுனைத் தீவில் இருக்கும் அவளுடைய ராத்தா வர வேண்டும். மகனின் கலியாணத்தின்போது கடல் கொந்தளிப்பாக இருந்ததால் அந்த அக்காவுக்கு மட்டும் போனில் சொன்னோம். அவர் வரவில்லை. அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவும் இல்லை.

வழி தேடித் தரும் சேவைகள் இன்டர்நெட்டில் உண்டு. ஆனால் எங்கள் வீட்டு இன்டர்நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் அலுமாரிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியில் இலங்கையின் பாதைகளை எல்லாம் ஏற்றி, சொந்தமாகவே ஒரு சேவையை ஓடவிட்டேன். என் மேசைக் கணினியின் வரைபட மென்பொருளுக்கு அதன் முகவரியைக் கொடுத்தேன். "இணைக்க முடியவில்லை" என்று அது ஒரே பல்லவி பாடியது. நான் போட்ட சத்தத்தில் மனைவி பிளேன்டீக் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். பார்த்தால், முகவரியின் வாலில் இருக்க வேண்டிய போர்ட் இலக்கத்தை விட்டிருக்கிறேன். அதைச் சேர்த்ததும் ஒவ்வொரு வீடாகத் தொட்டுக்கொண்டு ஒரு நீலக்கோடு ஓடியது. அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை.

மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"ராத்தா எப்ப கரைக்குக் குடி வந்தா?"

சேவைக்குத் தெரிந்ததெல்லாம் றோட்டு மட்டும். தீவுக்கு றோட்டு இல்லாததால், கிட்ட இருந்த கற்பிட்டி றோட்டின் முனையிலேயே நின்று, ராத்தா வீட்டுக்குப் போயாகிவிட்டது என்று கணக்கை முடித்திருந்தது. அதிலும் ஒன்பதாவது வீடாக.

"எல்லாருக்கும் சொல்லிட்டுப் போனா அவ கதவே தொறக்க மாட்டா. மொத வீடு அவட வீடுதான்."

"தூரம் கூடுமே."

"கூடட்டும்."

வள்ளம் போகும் வழியை நானே கீறி, பாதைகளோடு சேர்த்து, சேவையைத் திரும்ப ஓடவிட்டேன். முதல் வீடு உச்சமுனை என்று பூட்டினேன். இப்போது கோடு வழியில் இருக்கும் எத்தாளை ஊர்ச் சொந்தங்களைக் கண்டும் காணாததுபோலக் கடந்து, நேரே களப்புத் தண்ணீரில் இறங்கியது. தூரம் குறைக்க வந்தவனுக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டாம். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கோட்டின்படியே போனோம். ராத்தா சலாமுக்குப் பதில் சொன்னார், சிரிக்கவில்லை.

"எத்தன வீட்டுக்குச் சொல்லிட்டு வாரீங்க?"

"இதுதான் மொத வீடு, ராத்தா" என்றாள் மனைவி.

"எத்தாளையத் தாண்டித்தானே வந்த? அங்க எறங்காமயா வந்தீங்க?"

நான் போனில் வரைபடத்தைத் திறந்து நீட்டினேன். எங்கள் வாசலில் தொடங்கிய கோடு எங்கும் நிற்காமல் வந்து, களப்பைக் கடந்து, அவர் வீட்டில் ஒன்று என்ற இலக்கத்தில் நின்றது. ராத்தா அந்த இலக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

உள்ளே போனவர், வெளியே போகும்போது போடும் அபாயாவோடு வந்தார்.

"ரெண்டாவது வீடு ஆருட?"

"எத்தாளை மாமிட."

"நடங்க, நானும் வாரேன். ஒங்களுக்கு ஒழுங்காக் கலியாணம் சொல்லத் தெரியாது."

மிச்ச வீடுகளில் எல்லாம் ராத்தாதான் கலியாணம் சொன்னார். எங்களை வாய் திறக்க விடவில்லை.