கொழும்பில் பாலன் முந்திப் பிறந்துவிட்டார்

குருநகர்ச் சிநேகிதிகளே, இன்று கொழும்பில் நத்தார் வெளிச்சம் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான், மரமெல்லாம் பூத்தது போல எரிகிறது. ஆனாலும் மனம் இருண்டு கிடக்கிறது.

இங்கே கந்தோரில் வேலை பார்க்கும் என் மகன் சூசைதான் கூட்டிப் போனான். கோட்டைக் கடைத்தெருவில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குள் பாலன் குடில். நத்தாருக்கு இன்னும் ஐந்து நாள் இருக்க, தேவபாலனை இப்போதே தொட்டிலில் கிடத்திவிட்டார்கள்!

நடுச்சாமப் பூசைவரை நாங்கள் தொட்டிலை வெறுமையாக வைத்திருப்பவர்கள் அல்லவா? எனக்குப் பொறுக்கவில்லை.

"உதென்ன மோனை, பாலன் அவசரப்பட்டு முந்திப் பிறந்திட்டாரோ?" என்று சிரித்துக்கொண்டு உரத்துக் கேட்டேன்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சூசை என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"அம்மா, றோட்டிலை தமிழிலை கதையாதேங்கோ. போன கிழமைதான் தமிழ் கதைச்சதுக்கு என்ரை கூட்டாளிக்கு பஸ்ஸுக்குள்ளை அடிச்சவங்கள்."

அதன்பிறகு எத்தனையோ வெளிச்சம் காட்டினான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். செபமாலையையும் உதடு அசையாமல்தான் சொன்னேன்.

அவனுடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தியபின் கேட்டேன்: "என்னோடை ஊருக்கு வந்திடன் மோனை. இஞ்சை ஏன் பயந்து சாகிறாய்?"

"வேலையை விட்டிட்டு அங்கை என்னத்தைச் செய்யிறது, அம்மா?"

எங்கள் இருவரையும் தவிர அங்கே யாருமில்லை. அப்போதும் அதை என் காதோடுதான் சொன்னான்.

எங்கள் குருநகர்க் கடற்காற்றுக்கு மேலாகக் கூப்பிட்டுப் பழகிய பிள்ளை அவன். உங்கள் பிள்ளைகளும் கொழும்புக்குப் போனபின் இப்படித்தான் குசுகுசுக்கிறார்களா? அல்லது என் காதுதான் மந்தமாகிவிட்டதா?