ரோகிணி கவிழ்த்த படகு

ரோகிணி தரையில் மண்டியிட்டு, பெரிய சார்ட் தாளில் தூரிகையால் கறுப்பு மையை இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் கோவளம் கடற்கரையில், மீன் ஏலம் விடும் கூடத்தில், அவளுடைய முதல் சித்திரக்கதைப் புத்தகத்தை ஊராருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்று முக்கியமான பக்கங்களைப் பெரிதாக வரைந்து, கழியில் கோத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுவது அவள் வழக்கம். திருப்போரூரில் அவர்கள் வீட்டு ஹாலில் அன்று கால் வைக்க இடமில்லை. அவளுடைய அப்பா கோதண்டராமன் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டில் இருக்கிறேன். அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு நான் ஹாலுக்கு வந்தபோது ரோகிணியின் போன் அடித்தது. கையெல்லாம் மை என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

பேசியது ரெபேக்காள். கோவளத்தில் மீன் விற்பவள். அவள் மகன் ஜோஷ்வாவிடம் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, அவர்கள் பேச்சில் ‘போட்டு’, இருக்கிறது.

“எம்மா, எங்க போட்ட கவுத்துட்டியே. காலைல ஒருத்தனும் ஏறல.”

ரோகிணிக்கு முதலில் புரியவில்லை. ரெபேக்காள் விளக்கினாள். வாசிப்பு நிகழ்ச்சிக்கு விளம்பரமாகப் பதிப்பகத்தார் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். புயலில் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கும் பக்கம். படகின் முகப்பில் வெள்ளைப் புறா. ஜோஷ்வாவின் படகில் அவன் அப்பா தம் கையால் வரைந்த அதே புறா. அவருக்கு வரைய வராது. கழுத்து தடித்து, வால் குறுகி, வாத்து மாதிரி இருக்கும். அந்தக் கரை முழுக்க அதற்கு வாத்துப் போட்டு என்றுதான் பெயர். இதுவரை ஒருமுறைகூடக் கவிழாத படகு. இப்போது தாளில் கவிழ்ந்துவிட்டது. அது கெட்ட சகுனம் என்று கூட வேலை செய்பவர்கள் மூன்று பேரும் ஏற மறுத்துவிட்டார்கள். நெத்திலி மீன் கூட்டமாக ஓடுகிற வாரம். இன்னும் ஒரு நாள் படகு கரையில் கிடந்தால் மூவரும் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். இந்த நேரத்தில் ஜோஷ்வாவுக்கு வேறு ஆள் கிடைக்காது.

ரோகிணியின் பிழைப்பே படம் வரைவதுதான். டியூஷன் புத்தகங்கள், சுகாதாரச் சுவரொட்டிகள், எது வந்தாலும் செய்வாள். எங்கள் பராமரிப்புப் பயிற்சி வகுப்புக்குப் படுக்கைப்புண் பற்றிய படங்களை வரைய வந்தபோதுதான் எனக்குப் பழக்கமானாள். பெட்பேன் வரைவதற்கு உண்மையான பெட்பேனை எதிரே வைக்கச் சொன்னாள். கண்முன் இல்லாத ஒன்றை வரைய அவளுக்கு வராது. ஞாயிறுதோறும் கோவளம் போய், ரெபேக்காள் கொடுத்த டீயைக் குடித்து, ஜோஷ்வாவின் படகு நிழலில் உட்கார்ந்துதான் அந்தப் புத்தகத்தை வரைந்தாள். கதையில் ஒரு படகு கவிழ வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்த படகு அது ஒன்றுதான்.

பதிப்பகத்துப் பிரவின்குமாரைக் கூப்பிட்டாள். அச்சாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது, சர்ச்சை வந்தால் நல்லதுதான் என்றான். அந்தப் பக்கத்தைத் தாண்டி வாசித்துவிடு என்று அவள் அண்ணன் சொன்னான். அவன் அன்று அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தான். ரோகிணி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டில் இட்லி வைத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நின்றேன். பிறகு இருவரும் ஆட்டோவில் கிளம்பினோம்.

கூடத்தில் பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜோஷ்வா தூணில் சாய்ந்து நின்றான். அவனிடமிருந்து தள்ளி, வாசலருகே படகில் ஏற மறுத்த அந்த மூன்று பேர். அவர்களில் மூத்தவர் ஜெகதீசன். அவர் வேண்டாம் என்றால் மற்ற இருவரும் வேண்டாம் என்பார்கள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு ரோகிணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோகிணி வாசித்தாள். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தாள். பிள்ளைகள் இரண்டு இடத்தில் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்கவில்லை. புயல் பக்கம் வந்தது. அதைத் தாண்டிப் போகாமல் திருப்பிக் காட்டினாள்.

“இந்தப் படத்தை நான் போட்டிருக்கக் கூடாது. உங்களைக் கேட்கவும் இல்லை” என்று சொல்லித் தாளின் மேல் ஓரத்தைப் பிடித்துக் கிழிக்கப் போனாள்.

“கிய்க்காத” என்றார் ஜெகதீசன். “கவுத்தது போதும். ஒடைக்க வேற போறியா?”

அவள் கை அப்படியே நின்றது. கிழிக்கவும் முடியாது, மூடவும் முடியாது. வெள்ளை மையால் புறாவை அழித்துவிடலாம் என்று யாரோ சொல்ல, எங்கப்பா போட்டதை எவன் அழிப்பான் என்று ஜோஷ்வா பாய்ந்தான். வாசல் பக்கம் தள்ளுமுள்ளு ஆகும்போல் இருந்தது. நான் எழுந்துபோய் ரோகிணியின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ரெபேக்காள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெகதீசனைக் கேட்டாள்.

“கடல்ல கவுந்தா இன்னா பண்ணுவீங்க? தலைல கை வெச்சிகினு குந்திக்குவீங்களா? நிமித்துவீங்கல்ல. அவளும் நிமித்தட்டும்.”

ரோகிணி கழியின் கடைசியில் இருந்த வெள்ளைத் தாளை முன்னால் எடுத்துப் போட்டாள். கவிழ்ந்த படகை எப்படி நிமிர்த்துவது என்று அவளுக்குத் தெரியாது, அதனால் கேட்டாள். மூவரில் இளையவன் முதலில் வாயைத் திறந்தான். கவிழ்ந்த படகின் முதுகில் ஏறி, எதிர் விளிம்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து, எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும் என்றான். அவள் வரைந்தாள். கயிறு தவறான இடத்தில் இருக்கிறது என்றார்கள். மாற்றினாள்.

“வாத்த ஒய்ங்கா போடு. இல்லாங்காட்டி அது எங்க போட்டே இல்ல” என்றான் அந்த இளையவன்.

“புறாடா அது” என்றான் ஜோஷ்வா.

பெண்கள் சிரித்தார்கள். ஜெகதீசன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து படத்தைப் பார்த்தார். கயிறு இழுக்கும் ஆட்களில் ஒருவரைச் சுட்டி, “எம் மூஞ்சி போடாத” என்றார். ரோகிணி அந்த ஆளை முதுகு காட்டி நிற்பவராக மாற்றினாள். படகு பாதி நிமிர்ந்திருக்கும் நிலையில் படம் முடிந்தது. போதும் என்றோ போதாது என்றோ சொல்லாமல் அவர் வெளியே போனார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். ஜோஷ்வாவும் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் ரெபேக்காள் கூப்பிட்டாள். ஜெகதீசன் மச்சானுடைய படகில் போய்விட்டார். ஆனால் மற்ற இருவரையும் அவர் தடுக்கவில்லை. அவர்கள் ஜோஷ்வாவோடு ஏறினார்கள். ஆள் குறைவு என்பதால் ரெபேக்காளே தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டாளாம். இன்னும் கரை திரும்பவில்லை என்றாள்.

ரோகிணி பிரவின்குமாரை எழுப்பி, படகு நிமிரும் பக்கம் ஒன்றைச் சேர்க்கும்வரை ஒரு பிரதிகூட விற்கக் கூடாது என்றாள். அவன் முடியாது என்றான். பக்கத்தைச் சாயங்காலம் தானே அச்சகத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். நான் அவள் அப்பாவுக்குப் பல் துலக்கிவிட்டு, கஞ்சி கொடுக்க உட்கார்ந்தேன். அவள் நேற்றைய சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி, மேசை விளக்கைப் போட்டு, அந்தக் கயிற்றைப் புத்தக அளவில் வரைய ஆரம்பித்தாள்.