நீலக்கோட்டுப் படகு

பிள்ளையாரே படகு தெரிவு செய்து தந்த கதை என்று எங்கள் கலியாண வீடுகளில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சீட்டு எடுத்தது எட்டு வயதான என் கை.

அப்பாவும் சித்தப்பாவும் பங்குக்கு வாங்க நினைத்த படகு, இரண்டு நீள மிதவைகளின்மேல் தளம் அடித்து, கூரையும் இருக்கையும் போட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமாக ஏறிப் பொல்கொட ஏரியைச் சுற்றி வரலாம். ஹெந்தளையில் ஒருவரிடம் அப்படி இரண்டு விற்பனைக்கு நின்றன. ஒன்றில் பச்சைக்கோடு, மற்றதில் நீலக்கோடு. வாசல் மட்டும்தான் வேறு. பச்சையில் முன்பக்கம் அகலமான வாசல். நீலத்தில் அந்த இடத்தில் ஒரு நீள இருக்கை. ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒடுங்கிய வாசலும் இரண்டு படியும்.

வெள்ளவத்தை ஃபிளாட்டில் எங்களோடு இருந்த மாமிக்கு, அப்பாவின் அக்காவுக்கு, நடக்க ஏலாது. சக்கர நாற்காலிதான். ஆஸ்பத்திரியையும் கோயிலையும் விட்டால் அவர் வேறிடம் கண்டதில்லை. ஹெந்தளையில் பச்சைக்கோட்டுப் படகில் நாற்காலியோடு ஏற்றியபோது, கம்பியைப் பிடித்தபடி இறங்க மனமில்லாமல் இருந்தார்.

“நாற்காலி நடுவில நிண்டா நாங்கள் எங்க இருக்கிறது?” என்றார் சித்தப்பா.

“எல்லாரும் போறதுக்குத்தானே போட்” என்றார் அம்மா.

மூன்று நாள் வீடு இரண்டுபட்டது. அப்பா எந்தப் பக்கமும் சேரவில்லை. மாமியும் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அப்பா, “பிள்ளையாரிட்டையே விடுவம்” என்றார். சித்தப்பா மடித்த சீட்டு இரண்டைத் தட்டில் கொண்டுவந்து படத்தின்முன் வைத்தார். நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். நீலம். அம்மா அடங்கிப்போனார், சுவாமியோடு யார் வழக்காடுவது? மாமிதான் முதலில் கும்பிட்டார்.

“சுவாமி சொல்லிப்போட்டார். பிறகென்ன?”

எல்லோரும் சாப்பிடப் போனபின் மற்றச் சீட்டையும் பிரித்தேன். அதிலும் நீலம்! பச்சை என்று எழுத மறந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சிரிப்பு. மாமியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் இரண்டையும் மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இது சித்தப்பான்ர எழுத்துத்தானே, குஞ்சு?”

“இல்லை மாமி, அப்பான்ர. வடிவா இருக்கல்லோ?”

“ஓம், வடிவுதான்.”

கூடப்பிறந்த தம்பியின் எழுத்தை அவருக்கு நானா காட்டித்தர வேண்டும்? அது அப்பாவுடையது இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு பொய்யைக்கூடச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமையே நீலக்கோட்டுப் படகு வந்தது. மாமி சாகும்வரை அதில் ஏறவில்லை.

அன்றோ நான் நேரே சாப்பாட்டு மேசைக்கு ஓடினேன். “அப்பா, உங்கட எழுத்து நல்ல வடிவாம். மாமி சீட்டு ரெண்டையும் பாத்திட்டுச் சொன்னவ” என்றேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போய்விட்டார். குழம்பில் உப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.