தை வரைக்கும் மட்டும் கேட்டேன்

சபையாருக்கு என் தோத்திரம். நான் எஸ்தர். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நடந்ததில் எது ஆண்டவர் செய்தது, எது மாத்திரை செய்தது என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். குழப்பத்தோடேயே சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டி பக்கம் பண்ணையாரிடம் மூன்று மா நிலம் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தோம். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். ஒவ்வொரு போகமும் போய்க் கெஞ்ச வேண்டும். குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும், பதிந்தவரை நிலத்தை விட்டு இறக்க முடியாது என்று சர்க்கார் சட்டம் போட்டது. தை அறுப்பு முடிந்து விசாரணை, உழுகிறவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. வரப்பில் பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது.

தஞ்சாவூரில் டாக்டர் அவர் நெஞ்சில் ஒயர் ஒட்டி, கட்டம் போட்ட காகிதத்தில் கோடு எடுத்தார். பிறகு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சும்மா. கோடு அகலமா இருக்கு, நடுநடுவுல தப்பா துடிக்குது. இப்படிக் கோடு இருக்கவங்க ரொம்ப நாள் தாங்கறதில்ல. தை அறுப்பப் பாத்தாலே பெரிசு."

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஆண்டவரே, தை வரைக்கும் கொடும், அவர் பேர் பதிவாகட்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். கோயிலில் கொடுத்த ஜெப எண்ணெயை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் சிலுவை போட்டேன். மறுநாள் எண்ணெய் ஊறிக் கோடே தெரியவில்லை. கோடு போச்சு, வியாதியும் போச்சு என்று தெருவெல்லாம் சொன்னேன். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கூரையில் செருகிவிட்டேன். ஒரு வாரத்தில் அவரால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடியே திணறினார். நானே கொன்றுவிட்டேனே என்று அலறிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் பழைய காகிதத்தைக் கேட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, அப்பளம் பொரிச்ச காகிதம் மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. புதிதாகக் கோடு எடுத்தார். அதே கோடுதான், ஒன்றும் மாறவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"மாத்திரைய நிறுத்தாதீங்க, உப்பக் கொறைங்க. இந்த மாதிரிக் கோடு இருக்க நூறு பேர்ல நெறைய பேருக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். இவர் ஒருத்தருக்கு என்ன ஆகும்னு தெரியாதும்மா."

அந்தத் தெரியாது என்ற வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

தை வந்தது. வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் தாலுகா ஆபீசுக்குப் போனோம். அவர் தன் வாயாலேயே பேர் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. கேட்ட கெடு முடிந்துவிட்டதே. வண்டியிலேயே அவரிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, நான் தை வரைக்குந்தாங்க கேட்டேன்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"ஏண்டி, பண்ணைகிட்டதான் போகத்துக்குப் போகம் கெஞ்சுனோம். ஆண்டவர்கிட்டயும் ஒரு போகத்துக்குத்தான் கேட்டியா?"

வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு நான் கெடு வைக்கவில்லை.

ஏழு தை போய்விட்டது. வருஷா வருஷம் கோடு எடுக்கிறோம். கோடு அப்படியேதான் இருக்கிறது, அவரும் இருக்கிறார். டாக்டர் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். என்னைப் போல அவருக்கும் குழப்பம்தான்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது நாள் குறித்திருப்பார்கள். மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுங்கள். முழங்காலில் நில்லுங்கள். கேட்பதை மட்டும் நிறையக் கேளுங்கள், கொடுக்கிறவர் பண்ணையார் இல்லை. அதோ, மூன்றாவது வரிசையில் தூங்கி வழிகிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர்.